காப்பகப் பூனைகளுக்கு எஃப்ஐவி: சோதனை, ஊசி, அதன் பிறகு

"அக்கா, எஃப்ஐவி ஊசி போட்டாச்சா?" பூனைக்குட்டி தத்தெடுக்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் தவறாமல் கேட்கும் கேள்வி இது. போடவில்லை, போடவும் முடியாது. எஃப்ஐவி என்பது பூனையின் எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் ஒரு வைரஸ். இந்தியாவில் அதற்கு ஓர் ஊசி விற்பனையில் இல்லை. சிலர் கையில் வைத்திருக்கும் பழைய தடுப்பூசி அட்டையைக் காட்டி "இதோ போட்டிருக்கே" என்பார்கள். அட்டையில் இருப்பது எஃப்விஆர். அது பூனைச் சளிக் காய்ச்சல் தரும் ஹெர்ப்பஸ் வைரஸுக்கான ஊசி. மூன்றெழுத்தில் இரண்டு ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம்.

மதுரையிலோ சுற்றுவட்டாரத்திலோ சின்னதாகக் காப்பகம் நடத்துகிறவர்களுக்கும், வீட்டு மாடியில் தெருப்பூனைகளை வைத்துப் பராமரிக்கிறவர்களுக்கும் இந்தக் குறிப்பு. எஃப்ஐவி சோதனையை எந்தப் பூனைக்கு, எப்போது, எப்படிச் செய்வது, முடிவை எவ்வளவு நம்புவது, ஊசி என்ற பெயரில் உண்மையில் எதைப் போட வேண்டும் என்பதை நாம் வேலை செய்யும் வரிசையிலேயே சொல்கிறேன். ரத்தம் எடுப்பதும் ஊசி போடுவதும் கால்நடை மருத்துவரின் வேலை. மற்றவை நம் வேலை.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம்

1986ல் கலிஃபோர்னியாவின் பெட்டலூமா என்ற ஊரில், ஒன்றாக வளர்க்கப்பட்ட ஒரு பூனைக் கூட்டத்தில் இந்த வைரஸைக் கண்டுபிடித்தார்கள். நீல்ஸ் பீடர்சன், ஜேனட் யமமோட்டோ ஆகியோரின் குழு அது. மனிதருக்கு எய்ட்ஸ் தரும் எச்ஐவியின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் "பூனை எய்ட்ஸ்" என்று பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயர் செய்த கெடுதல் கொஞ்சநஞ்சமில்லை. எஃப்ஐவி மனிதருக்குப் பரவாது. நாய்க்கும் பரவாது. பூனையிலிருந்து பூனைக்கு மட்டும்தான்.

அதுவும் முக்கியமாக ஆழமான கடி வழியாக. நோயுள்ள பூனையின் எச்சிலில் வைரஸ் இருக்கும். கோரைப்பல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும்போது அதுவும் இறங்குகிறது. ஒரே தட்டில் சாப்பிடுவது, ஒன்றையொன்று நக்கிக்கொள்வது, ஒரே மணல் தொட்டியைப் பயன்படுத்துவது ஆகியவற்றால் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. தாயிடமிருந்து குட்டிக்குப் போவதும் அபூர்வம். உடம்புக்கு வெளியே வந்தால் வைரஸ் அதிக நேரம் தாங்காது, சாதாரண சோப்புத் தண்ணீரே அதற்குப் போதும்.

ஆக, இது சண்டை போடும் பூனைகளின் நோய். தெருவில் யார் அதிகம் சண்டை போடுவது? கருத்தடை செய்யப்படாத, வளர்ந்த கடுவன்கள். நோய் அதிகம் இருப்பதும் அவற்றிடம்தான். இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் கீழே சொல்லும் முடிவுகள் பாதி தானாக விளங்கும்.

தொற்றிய சில வாரங்களில் லேசான காய்ச்சலும் நெறிகட்டுவதும் வரலாம். நாம் கவனிக்கவே மாட்டோம். அப்புறம் பல வருடங்கள் பூனை வெளிப்பார்வைக்கு ஆரோக்கியமாகவே இருக்கும். சிலவற்றுக்கு வயதான பிறகு எதிர்ப்புசக்தி குறைந்து, தீராத வாய்ப்புண், மூக்கொழுகல், தோல் நோய், எடை குறைதல், சில வகைப் புற்றுநோய்கள் வரும். சிலவற்றுக்கு எதுவுமே வராமல், வயதாகி வேறு காரணத்தால் போய்ச் சேரும்.

ஊசி ஏன் இல்லை

ஊசியே கண்டுபிடிக்கவில்லை என்பதல்ல. 2002ல் அமெரிக்காவில் ஃபெல்-ஓ-வாக்ஸ் எஃப்ஐவி என்ற பெயரில் ஒன்று வந்தது. வைரஸின் ஏ, டி என்ற இரண்டு வகைகளைச் செயலிழக்கச் செய்து தயாரித்தது. இரண்டு மூன்று வார இடைவெளியில் மூன்று தவணை போட வேண்டும். சிக்கல் இரண்டு. உலகில் சுற்றும் வைரஸ் வகைகள் இன்னும் பல, எல்லாவற்றுக்கும் இந்த ஊசி காவலாக நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில், வெளியே போய்வரும் பூனைகளை வைத்து நடந்த ஆய்வில் பாதுகாப்பு 56 சதவீதம் என்றுதான் வந்தது. அடுத்தது இன்னும் பெரிய தலைவலி. ஊசி போட்ட பூனையின் ரத்தத்தில் வைரஸை எதிர்க்கும் எதிர்ப்பொருள் உருவாகும். வழக்கமான சோதனை தேடுவதும் அதையே என்பதால், நோயுள்ள பூனையைப் போலவே பாசிட்டிவ் காட்டும், அதுவும் வருடக்கணக்கில். காணாமல்போன ஒரு வீட்டுப்பூனை காப்பகத்துக்கு வந்தால் நோயா, ஊசியா என்று தெரியாது. கடைசியில் அமெரிக்காவிலும் கனடாவிலும் நிறுத்திவிட்டார்கள்.

நமக்கு இதில் ஒரே ஒரு பயன் உண்டு. இந்த ஊசி போடப்பட்டுவந்த ஆஸ்திரேலியாவிலோ ஜப்பானிலோ இருந்துவிட்டு ஊர் திரும்பும் குடும்பம் கூடவே கொண்டுவந்த பூனை காப்பகத்துக்கு வந்து பாசிட்டிவ் காட்டினால், முதலில் அதன் ஊசிப் புத்தகத்தைக் கேளுங்கள்.

ஊசி இல்லாத ஊரில் எஃப்ஐவிக்குத் தடுப்பு எது என்றால், கருத்தடைதான். கடுவனுக்கு விதை எடுத்துவிட்டால் எல்லைச் சண்டையும் பெட்டைக்கான சண்டையும் பெரிதும் அடங்கிவிடும். கடி குறைந்தால் நோய் குறையும். அதனால்தான் சோதனை கிட் வாங்கக் காசு சேர்ப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது: உங்களிடம் இருக்கும் கடுவன்கள் எல்லாவற்றுக்கும் ஆபரேஷன் முடிந்ததா?

படி ஒன்று: வந்த அன்றே செய்ய வேண்டியவை

பூனை நம்மிடம் எப்படியெல்லாம் வரும் என்று சொல்லி முடியாது. அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டுக் கொண்டுவருவார்கள், கட்டைப்பையில் ஜிப்பை இழுத்துப் பூட்டிக் கொண்டுவருவார்கள், சாக்குக்குள் முடிச்சுப் போட்டும் கொண்டுவருவார்கள். இறக்கி வைத்ததும் மேலே ஒரு துணியைப் போட்டு மூடி, சத்தமில்லாத மூலையில் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள்.

அதன் பிறகு எடை, வயது, பாலினம், கருத்தடை ஆனதா, காது நுனி வெட்டியிருக்கிறதா (கருத்தடை ஆன தெருப்பூனைக்கான அடையாளம் அது), உடம்பில் கடிகாயம் உண்டா என்று பாருங்கள். கடிகாயத்தைக் கண்ணால் தேடினால் கிடைக்காது, விரலால் தேட வேண்டும். கரிமேட்டு மீன்கடைப் பக்கம் வளர்ந்த கடுவன் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கன்னம் இரண்டும் உப்பிப் போய், முகம் உடம்பைவிடப் பெரிதாகத் தெரியும். காது ஓரம் பிய்ந்திருக்கும். பிடரித் தோல் செருப்புத் தோல் மாதிரி தடித்திருக்கும். வால் தொடங்கும் இடத்தில் முடி நாலைந்து ஒன்றாக ஒட்டிக்கொண்டு நிற்கும். அங்கே விரலை வைத்தால் சூடாக, மெத்தென்று இருக்கும். அழுத்தினால் பூனை சட்டென்று திரும்பும். அது சீழ்க்கட்டி. தோலில் மிளகு அளவுக்கு இரண்டு பொருக்கு மட்டும் தெரியும், உள்ளே உள்ளங்கை அளவு சீழ் இருக்கும். இப்படி ஒரு பூனை வந்தால் அட்டையில் "கடிகாயம்" என்று எழுதி, தேதியும் போடுங்கள். பின்னால் சோதனைக் கணக்குக்கு அந்தத் தேதி வேண்டும்.

அன்றைக்கே போட வேண்டியது மூன்று நோய்க்கான ஊசி, நம் ஆட்கள் ட்ரைகேட் என்று சொல்வது. கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் பான்லூக்கோபீனியா, சளிக் காய்ச்சல் தரும் ஹெர்ப்பஸ், கேலிசி ஆகிய மூன்று வைரஸ்களுக்குமானது. நோபிவாக் ட்ரைகேட் ட்ரையோ, ஃபெலிஜென் போன்ற பெயர்களில் கிடைக்கும். எஃப்ஐவி முடிவு வந்த பிறகு போடலாம் என்று இதைத் தள்ளிப்போடக் கூடாது. எஃப்ஐவி வருடக்கணக்கில் வேலை செய்யும் நோய். பான்லூக்கோபீனியா நான்கே நாளில் ஒரு கூண்டுக் குட்டிகளை மொத்தமாகத் துடைத்துவிடும். காப்பகத்தில் பயப்பட வேண்டியது அதற்குத்தான். ட்ரைகேட் போடுவதால் எஃப்ஐவி சோதனை முடிவு மாறாது. ஆனால் பான்லூக்கோபீனியாவுக்கான மலச் சோதனைக் கிட், ஊசி போட்ட சில நாட்களில் மங்கலாக ஒரு கோடு காட்டலாம். அதைப் பார்த்துக் கதிகலங்க வேண்டாம், பூனை எப்படி இருக்கிறது என்று பார்த்து டாக்டர் முடிவு செய்வார்.

குடற்புழு மருந்தும் தெள்ளுப்பூச்சி மருந்தும் அன்றே. நாய்க்கான தெள்ளு மருந்தை மட்டும் கை தவறிக்கூடப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனை வலிப்பு வந்து செத்துப்போகும்.

பிறகு தனிக் கூண்டில் இரண்டு வாரம். இந்தத் தனிமை எஃப்ஐவிக்காக அல்ல, பான்லூக்கோபீனியாவும் சளிக் காய்ச்சலும் வெளிப்பட அவகாசம் கொடுப்பதற்காக. பான்லூக்கோபீனியா வைரஸ் தரையில் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும், சோப்புக்கு அடங்காது. கூண்டைச் சோப்புப் போட்டுக் கழுவி அழுக்கை எடுத்த பிறகு, லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி வீதம் பிளீச் திரவம் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவி, வெயிலில் காயப்போடுங்கள். வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. ஃபினாயில் வேண்டவே வேண்டாம். நம் வீடுகளில் தரை துடைக்க முதலில் கை போவது அதற்குத்தான். ஆனால் பூனையின் ஈரலால் அந்த வகை ரசாயனத்தை உடைத்து வெளியேற்ற முடியாது. கறுப்பு ஃபினாயில் ஊற்றிய தரையில் நடந்துவிட்டுக் காலை நக்கினாலே விஷம். டெட்டாலுக்கும் இதே கதைதான்.

படி இரண்டு: யாருக்குச் சோதனை, யாருக்கு வேண்டாம்

காசு தாராளமாக இருந்தால் வருகிற எல்லாப் பூனைக்கும் சோதித்துவிடலாம். நம்மில் யாருக்கு அப்படி இருக்கிறது? கிட் ஒன்றின் விலை ஓர் ஊசியின் விலையைத் தாண்டும். அதனால் வரிசை போட வேண்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் ட்ரைகேட், எல்லாவற்றுக்கும் ரேபிஸ் ஊசி, எல்லாவற்றுக்கும் கருத்தடை. இந்த மூன்றும் முடிந்து மிஞ்சும் காசுதான் எஃப்ஐவி கிட்டுக்கு.

அந்தக் காசில் முதலில் சோதிக்க வேண்டியவை: கருத்தடை ஆகாமல் வந்த வளர்ந்த கடுவன்கள். கடிகாயம், சீழ்க்கட்டியோடு வந்தவை. ஈறு சிவந்து, எச்சில் வழிந்து, சாப்பாட்டின் அருகே போய்விட்டு வாயை வைக்காமல் திரும்பும் பூனைகள். காரணம் தெரியாமல் இளைத்துக்கொண்டே போகிறவை. அப்புறம், ஏற்கெனவே பூனை இருக்கும் வீட்டுக்குத் தத்துப் போகப் போகும் வளர்ந்த பூனை எதுவானாலும்.

பிடித்து, கருத்தடை செய்து, அதே தெருவில் திரும்ப விடும் பூனைகளுக்கு இந்தச் சோதனை தேவையில்லை. பாசிட்டிவ் வந்தாலும் செய்யப்போவது அதே ஆபரேஷன்தான். ஒரு கிட்டின் காசு இன்னொரு பூனையின் ஆபரேஷனுக்கு உதவும். அமெரிக்கப் பூனை மருத்துவர் சங்கத்தின் 2020 வழிகாட்டுதலும் தெருப்பூனைக் கருத்தடைத் திட்டங்களில் இதை வழக்கமாகச் செய்யச் சொல்வதில்லை.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளின் சங்கதி தனி. சோதனை தேடுவது வைரஸை அல்ல, வைரஸுக்கு எதிராக உடம்பு உருவாக்கிய எதிர்ப்பொருளை. தாய்க்கு நோய் இருந்தால் அவளுடைய எதிர்ப்பொருள் பால் வழியாகக் குட்டிக்குப் போய், குட்டி நோயில்லாமலே பாசிட்டிவ் காட்டும். ஆறு மாதத்துக்குள் அது வடிந்துவிடும். எனவே குட்டி பாசிட்டிவ் என்றால் கண்ணீர் விட வேண்டாம், குட்டிக்கு ஆறு மாத வயது முடிந்ததும் திரும்பப் பாருங்கள். ஒரு ஈற்றில் நான்கு குட்டி இருந்தால் ஒன்றைச் சோதித்து மற்ற மூன்றுக்கும் அதே முடிவை எழுதுவது தப்பு. நாலு பூனையின் ரத்தத்தை ஒன்றாகக் கலந்து ஒரே கிட்டில் விடுவது அதைவிடத் தப்பு.

பெரும்பாலான கிட் ஒரே தட்டில் எஃப்ஐவியையும் ரத்தப் புற்றுநோய் வைரஸான எஃப்இஎல்வியையும் சேர்த்தே பார்க்கும். எஃப்இஎல்வியில் தேடுவது வைரஸின் புரதத்தையே. அதனால் குட்டிகளுக்கும் அது பொருந்தும். எஃப்இஎல்வி எச்சில் வழியாக, நக்கிக்கொள்வதாலும் தட்டைப் பகிர்வதாலும் பரவும், குட்டிகளை எளிதில் பிடிக்கும். அதில் பாசிட்டிவ் வந்த பூனையை மற்றவற்றோடு சேர்க்காமல், டாக்டர் சொல்லும் மறுசோதனை வரை தனியே வைக்க வேண்டும்.

படி மூன்று: ரத்தம், கிட், பத்து நிமிடம்

கிட் பெட்டியின் மேல் 2 முதல் 30 டிகிரி வரை வைக்கலாம் என்று பொதுவாகப் போட்டிருக்கும். இதைப் படித்துவிட்டு "ரூம் டெம்பரேச்சர்தானே" என்று அலமாரியில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். மதுரையில் மாசி மாதத்துக்குப் பிறகு எந்த ரூம் 30 டிகிரிக்குள் இருக்கிறது? தகரக் கூரை ஷெட் என்றால் கேட்கவே வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், உறைய விடாதீர்கள். சோதிப்பதற்கு அரைமணி நேரம் முன்பு எடுத்து, அலுமினிய உறையைப் பிரிக்காமல் வெளியே வைத்தால் போதும். உறையைப் பிரித்த கிட்டை உடனே பயன்படுத்திவிட வேண்டும், காற்றின் ஈரம் பட்டால் கெடும்.

ரத்தம் எடுக்கும்போது பூனையைக் குழந்தையைப் போலத் துண்டில் சுற்றித் தலையை மட்டும் வெளியே விட்டுப் பிடிப்பது நல்லது. பின்னங்காலின் உட்புற நரம்பில் எடுப்பதென்றால் அந்த ஒரு காலை மட்டும் துண்டுக்கு வெளியே விட வேண்டும். கடுவனின் கழுத்துத் தோல் தடித்திருப்பதால் கழுத்து நரம்பு விரலுக்கு எளிதில் சிக்காது. மிகவும் முரண்டு பிடிக்கும் பூனைக்குக் கருத்தடை ஆபரேஷனுக்காக மயக்கம் கொடுக்கும்போதே ரத்தமும் எடுத்துவிடச் சொல்லுங்கள். பூனைக்கும் நிம்மதி, டாக்டர் கைக்கும் பாதுகாப்பு.

ரத்தத்தை ஊதா மூடிக் குழாயில் பிடித்து, உறையாமல் இருக்க மெதுவாக நாலைந்து முறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கக் கூடாது. குழாயில் பூனையின் எண்ணை அங்கேயே எழுதுங்கள். மூன்று கறுப்பு வெள்ளைக் கடுவன்களுக்கு ஒரே நாளில் ரத்தம் எடுத்தால், எழுதாத குழாய் எதற்கும் உதவாது.

கிட்டுக்குக் கிட் சொட்டு எண்ணிக்கை வேறு, ஆகவே பெட்டியில் இருக்கும் தாளைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். கோடு காட்டும் சாதாரண கிட்டில், ஒரு சின்ன குழலால் ஒரு சொட்டு ரத்தத்தைக் குழியில் விட்டு, மேலே கரைசலைச் சொட்ட வேண்டும். மேசை சமமாக இருக்கட்டும், மின்விசிறிக்கு நேர்கீழே வேண்டாம். சிவப்பு அப்படியே மேலேறி வெளுக்கும். 'சி' என்ற இடத்தில் கோடு வர வேண்டும். வரவில்லையென்றால் கிட் கெட்டது, முடிவே கிடையாது. 'டி' என்ற இடத்திலும் கோடு வந்தால் பாசிட்டிவ், மங்கலாக வந்தாலும் பாசிட்டிவ்தான். பெரும்பாலான கிட்டில் பத்து நிமிடத்தில் பார்க்க வேண்டும். டீ குடித்துவிட்டு அரைமணி கழித்து வந்து பார்த்தால், காய்ந்த ரத்தம் ஒரு சாம்பல் நிழலைக் கோடு மாதிரி காட்டும். கைப்பேசியில் அலாரம் வைத்து, பத்தாவது நிமிடத்தில், பூனை எண் தெரியும்படி ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

படி நான்கு: கோட்டை எவ்வளவு நம்புவது

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. நோயுள்ள நூறு பூனையில் 95ஐச் சரியாகப் பிடிக்கும், நோயில்லாத நூறில் இரண்டைத் தவறாகப் பாசிட்டிவ் என்று சொல்லும் ஒரு கிட் இருக்கிறது. நல்ல கிட்தான்.

வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனைகள், பெட்டைகள், இளசுகள் என்று ஓர் ஆயிரம் பூனையைச் சோதிக்கிறோம். அவற்றில் 20க்கு மட்டும் உண்மையில் நோய் என்று வையுங்கள். கிட் 19ஐப் பிடிக்கும். மீதி 980ல் தவறாகப் பாசிட்டிவ் வருவது ஏறக்குறைய 20. ஆக, பாசிட்டிவ் என்று எழுதிய 39 பூனையில் பாதிக்கு நோயே இல்லை!

இப்போது ஆயிரம் கடுவன்கள், 200க்கு நோய். கிட் 190ஐப் பிடிக்கும். மீதி 800ல் தவறாக வருவது 16. பாசிட்டிவ் என்று வந்த 206ல் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் உண்மை.

கிட் அதேதான், கோடும் அதேதான். கோட்டின் அர்த்தத்தை மாற்றுவது எந்தப் பூனையிடமிருந்து ரத்தம் வந்தது என்பது. காதுபிய்ந்த கடுவனுக்கு டி கோடு வந்தால் நம்பலாம். வீட்டைவிட்டு வெளியே போகாத, எட்டு மாதப் பெட்டைக்கு வந்தால் நம்பாதீர்கள். வேறு நிறுவனத்தின் கிட்டில் இன்னொரு முறை பாருங்கள். பிசிஆர் சோதனைக்கும் அனுப்பலாம். அது வைரஸின் மரபணுவையே தேடும். ஆனால் வைரஸ் வகைகள் பலவாக இருப்பதால் பிசிஆர் சிலவற்றைத் தவறவிடும். பிசிஆர் பாசிட்டிவ் என்றால் உறுதி, நெகட்டிவ் என்பதை மட்டும் வைத்து விடுதலை கொடுத்துவிட முடியாது. எங்கே அனுப்புவது என்று உங்கள் டாக்டரையே கேளுங்கள். திருநெல்வேலி, தேனி கால்நடை மருத்துவக் கல்லூரிகள் நமக்குப் பக்கம், அங்கேயும் விசாரிக்கலாம்.

நெகட்டிவுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. கடிபட்டு எதிர்ப்பொருள் உருவாக 60 நாள் வரை ஆகலாம். நேற்றுக் கடிபட்ட பூனை இன்றைக்கு நெகட்டிவ் காட்டினால் அது நேற்றுக்கு முந்தைய கதையைத்தான் சொல்கிறது. அட்டையில் போட்ட கடிகாயத் தேதியிலிருந்து 60 நாள் எண்ணி மறுசோதனைக்கு நாள் குறியுங்கள். அதுவரை காப்பகத்தில் வைத்திருக்க இடமில்லையென்றால், தத்தெடுப்பவரிடம் சொல்லிக் கொடுத்தனுப்புங்கள், மறைக்காமல்.

பாசிட்டிவ் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பூனையைக் கொல்லும் வேலை எந்தக் கட்டத்திலும் கிடையாது.

படி ஐந்து: ஊசிக் கணக்கு

ட்ரைகேட்: காப்பகத்தில் குட்டிக்கு ஆறு வாரத்திலேயே தொடங்கலாம், நோய் பரவும் ஆபத்து இருந்தால் நான்கு வாரத்திலும் தொடங்குவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஐந்து மாதம் ஆகும் வரை. இவ்வளவு தடவை ஏன் என்றால், தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பொருள் ஊசியைத் தடுக்கும், அது எந்த வாரம் வடியும் என்று குட்டிக்குக் குட்டி மாறும். வளர்ந்த பூனைக்கு வந்த அன்று ஒன்று, இரண்டு வாரம் கழித்து ஒன்று. ஒரு வருடத்தில் மறு ஊசி. நான்கு வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்குப் போடக் கூடாது, மூளை வளர்ச்சி பாதிக்கும். சினைப்பூனை என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ரேபிஸ்: மூன்று மாதம் முடிந்ததும் ஒன்று, பிறகு வருடத்துக்கு ஒன்று. இதில் பேரமே கிடையாது.

எஃப்ஐவி பாசிட்டிவ் பூனைக்கு ஊசி போடலாமா என்று சந்தேகம் வரும். போட வேண்டும், மற்ற பூனையைவிட அதற்குத்தான் காவல் தேவை. ரேபிஸ் ஊசியில் சிக்கல் இல்லை, அது செயலிழந்த வைரஸ். ட்ரைகேட்டில்தான் யோசனை. நம்மிடம் சாதாரணமாகக் கிடைப்பவை பலவீனப்படுத்திய உயிருள்ள வைரஸ் கொண்டவை. எதிர்ப்புசக்தி குறைந்த பூனைக்குச் செயலிழந்த வகை இருந்தால் அதைத் தேடுவார்கள். கிடைக்காத இடத்தில், பூனை நன்றாகச் சாப்பிட்டு ஆரோக்கியமாக இருக்கிறதா, காப்பகத்தில் பான்லூக்கோபீனியா பயம் எவ்வளவு என்று பார்த்து டாக்டர் முடிவெடுப்பார். நாமாக மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் விஷயமல்ல.

குளிர் விட்ட ஊசி, தண்ணீருக்குச் சமம். 2 முதல் 8 டிகிரி. மாட்டுத்தாவணியில் பார்சலை வாங்கி, அக்னி நட்சத்திர வெயிலில் வண்டியின் பெட்டிக்குள் போட்டு ஊமச்சிகுளம் வரை கொண்டுபோனால் அந்த மருந்து முடிந்தது. தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் பேக் வைத்து, நடுவே ஒரு துணி போட்டு, அதன் மேல் மருந்தை வையுங்கள். ஐஸ் நேராகப் பட்டு உறைந்தால் ரேபிஸ் மருந்தும் வீண். உயிருள்ள ஊசியைக் கரைசலில் கலந்தவுடன் போட வேண்டும். காலையிலேயே பத்துப் பாட்டிலையும் கலந்து தட்டில் அடுக்கி வைப்பது வேலையைச் சுலபமாக்கும், ஊசியைச் செயலிழக்க வைக்கும். பாட்டிலின் ஸ்டிக்கரை அட்டையில் ஒட்டி, எந்தக் காலில் போட்டது என்றும் எழுதச் சொல்லுங்கள். அபூர்வமாக, ஊசி போட்ட இடத்தில் பூனைக்குக் கட்டி வருவதுண்டு. அதனால் பிடரியைவிடக் காலின் கீழ்ப்பகுதியில் போடுவதையே இப்போது விரும்புகிறார்கள்.

பூனை பிடிக்கிறவர்களும் முன்கூட்டியே ரேபிஸ் ஊசி போட்டுக்கொள்வது நல்லது. கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவிவிட்டு, நேராக அரசு இராசாசி மருத்துவமனைக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

படி ஆறு: பாசிட்டிவ் பூனை இனி எங்கே

முதலில் கருத்தடை, ஆகாமல் இருந்தால். ஆபரேஷன் முடிந்து சில வாரத்தில் கடுவனின் முரட்டுத்தனம் தணியும். அதன் குணம் என்ன என்று அப்போதுதான் உண்மையில் தெரியும்.

தனிக் கூண்டிலோ, மற்ற பாசிட்டிவ் பூனைகளோடு ஓர் அறையிலோ வைக்கலாம். ஆனால் பாசிட்டிவ் அறையைச் சளிப் பூனைகளின் அறையாகவும் பயன்படுத்தக் கூடாது. "எப்படியும் நோய்ப் பூனைதானே" என்று இரண்டையும் சேர்த்துவிடுவார்கள். எதிர்ப்புசக்தி குறைந்த பூனையை நோய்க் கிருமிகளின் நடுவில் கொண்டுபோய் வைப்பது அது. மற்ற பூனைகளோடு சண்டையில்லாமல் பழகும் பாசிட்டிவ் பூனை, நெகட்டிவ் பூனை உள்ள வீட்டில் வாழ்வதிலும் ஆபத்து குறைவுதான். புதுப் பூனையை மெதுவாகப் பழக்குவதும், சாப்பாட்டுத் தட்டும் மணல் தொட்டியும் ஆளுக்கொன்றாக வைப்பதும் சண்டையைக் குறைக்கும்.

பச்சை மீன் கழிவும் பச்சைக் கோழிக் கழிவும் வேண்டாம். கடையில் சும்மா கிடைக்கிறது என்பதற்காக வாளி வாளியாக வாங்கி வருவது நம் பக்கத்துப் பழக்கம். வேகவைத்துப் போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் காட்டி, எடை, வாய், ரத்த அணு எண்ணிக்கை பாருங்கள். எடை இரண்டு மாதம் தொடர்ந்து இறங்கினால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். காய்ச்சல் அடித்தால் வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது எமன்.

படி ஏழு: தத்துக் கொடுக்கும்போது

பாசிட்டிவ் பூனைக்கு வீடு கிடைக்காது என்று முதலிலேயே நினைத்துக்கொள்கிறோம். ஒரே ஒரு பூனை வளர்க்க நினைப்பவர், வெளியே விடாத ஃபிளாட் வீட்டுக்காரர், இவர்களுக்கு அது ஒரு குறையே இல்லை. பேச்சை "நோய்" என்று தொடங்காமல், பூனையின் குணத்தைச் சொல்லி, அப்புறம் எஃப்ஐவியைச் சொல்லுங்கள். கேட்கப்போவது எப்போதும் இதைத்தான்:

"குழந்தை இருக்கு வீட்ல, ஒட்டிக்குமா அக்கா?"

"ஒட்டாதுப்பா. பூனைக்குப் பூனைதான், அதுவும் கடிச்சாதான்."

"எத்தனை வருஷம் இருக்கும்?"

"வெளிய விடாம வச்சிருந்தா மத்த பூனை மாதிரியே இருக்கிறது நெறய."

வாயால் சொன்னதைக் காகிதத்திலும் கொடுங்கள். சோதனை செய்த தேதி, கிட்டின் பெயர், அப்போது பூனையின் வயது, முடிவு, மறுசோதனை எப்போது, போட்ட ஊசிகள், அடுத்த தவணைத் தேதி, கருத்தடை ஆன தேதி. வெறுமனே "எஃப்ஐவி பாசிட்டிவ்" என்று ஒரு வரி எழுதினால், நான்கு மாதக் குட்டியின் பாசிட்டிவும் ஐந்து வயதுக் கடுவனின் பாசிட்டிவும் ஒன்றாகத் தெரியும். குட்டி என்றால் "ஆறு மாத வயதுக்குப் பிறகு மறுசோதனை, அதுவரை முடிவு நிச்சயமில்லை" என்று எழுதி, அந்த மாதத்தில் நீங்களே ஒரு போன் போட்டு ஞாபகப்படுத்துங்கள். மறுசோதனைக் கிட்டின் செலவைக் காப்பகமே ஏற்றுக்கொண்டால், பெரும்பாலானவர்கள் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.